வயலின் வடிவ பேஸ் கிட்டார்: குறைந்த விலையில் எதை எடுப்பது?

"வயலின் பேஸ் ஒன்று வாங்க ரொம்ப நாளாக ஆசை. ஜெர்மனியில் செய்தது கைக்கு எட்டாது. ஆசியாவில் செய்து வருகிறதில் எதை எடுக்கலாம்?" பேஸ் வாசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர் கையில் ஏற்கெனவே நாலைந்து படங்கள் இருக்கும். படத்தில் எல்லாம் ஒரே முகம்தான்: மஞ்சளிலிருந்து கரும்பழுப்புக்கு இறங்கும் நிறம், வயலின் இடுப்பு, டீக்கோப்பையைக் கவிழ்த்த மாதிரி குமிழ்கள். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வரை போகும். அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமில்லை.

முதலில் ஒரு விஷயம். குறைந்த விலை பேஸ் வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. இந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனதே ஒரு மலிவு விலைப் பேஸ்தான். அதைச் செய்தது, கார்ல் ஹோஃப்னர் 1887-இல் ஷோன்பாக் என்ற ஊரில் (இன்று செக் நாட்டில் இருக்கிறது) தொடங்கிய ஹோஃப்னர் நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட, வயலின் செய்கிற குடும்பங்களோடு ஹோஃப்னரும் பவேரியாவில் உள்ள பூபன்ராய்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வயலின் செய்து பழகிய அந்தக் குடும்பத்தின் வால்டர் ஹோஃப்னர் 1950-களின் நடுவில் வடிவமைத்ததுதான் 500/1 என்ற அந்த வயலின் பேஸ். அதற்கு முன்பே, 1953-இல், அமெரிக்காவின் கிப்சன் வயலின் வடிவில் ஒரு பேஸ் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது கெட்டி மஹாகனிக் கட்டை. ஹோஃப்னர் செய்தது உள்ளே வெறுமையான, நிஜ வயலின் போன்ற பெட்டி.

1961-இல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இதை வாங்கியதற்கு அவரே பல முறை சொன்ன காரணங்கள் இரண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் சுமார் 100 பவுண்டு, இது சுமார் 30 பவுண்டு. அவர் இடதுகைக்காரர், இருபுறமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் பார்க்க அசிங்கமாக இல்லை. அவ்வளவுதான். அன்றைக்கு ஏழைப் பையன் வாங்கக்கூடியதாக இருந்த அதே பேஸ், ஜெர்மனியில் செய்ததாக இருந்தால் இன்றைக்கு 2,000 யூரோவைத் தாண்டும். நாம் வேறு வழி தேடுவது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

உள்ளே என்ன இருக்கிறது. நான் முதலில் கேட்பது இதைத்தான், மற்றதெல்லாம் அப்புறம். 500/1-இன் மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள், உள்ளே வெறும் காற்று. வீணையின் குடம் போல அந்த வெற்றிடம்தான் ஒலிக்கு அதன் குணத்தைத் தருகிறது. கம்பியைத் தட்டியதும் 'தும்' என்று பருமனாக எழுந்து, நீண்டு ஒலிக்காமல் சீக்கிரம் அடங்கிவிடும். டிரம்ஸின் கிக்கோடு ஒட்டிக்கொள்கிற அந்த உருண்டையான ஒலிக்காகத்தான் இதைத் தேடி வருகிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு: ஆம்ப் சத்தம் கூடினால் அந்தப் பெட்டியே அதிர்ந்து 'ஊ'வென்று ஊளையிட ஆரம்பிக்கும். இதைத் தடுக்க, சில மாடல்களில் உடம்பின் நடுவே நீளவாக்கில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுகிறார்கள். ஊளை குறையும், ஒலி நீளும், எடை கொஞ்சம் கூடும், அந்தப் பழைய 'தும்' கொஞ்சம் கரையும். இந்தக் கட்டை வேண்டுமா வேண்டாமா என்பதுதான் உங்கள் உண்மையான முடிவு.

பிக்கப். கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் காந்தப் பகுதி இது. ஹோஃப்னரின் பழைய பாணி 'ஸ்டேபிள்' பிக்கப்பில் காந்த முனைகள் ஸ்டேப்ளர் முள் போல மேலே தெரியும். 1961 மாடலில் இரண்டு பிக்கப்பும் நெக் (கழுத்து) பக்கம் நெருக்கமாக இருந்தன. 1962 வாக்கில் இரண்டாவது பிக்கப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் போனது. நெருக்கமாக இருப்பதை இன்று 'கேவர்ன்' மாடல் என்று விற்கிறார்கள். அதன் ஒலி இன்னும் இருட்டு. தள்ளி வைத்ததில் கொஞ்சம் கூர்மையும் கிடைக்கும்.

பிரிட்ஜ். உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு இது. பழைய முறையில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, திருகப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும்; இதைத்தான் மிதக்கும் பிரிட்ஜ் என்கிறேன். மலிவு விலை வயலின் பேஸ்களைப் பற்றி வருகிற புகார்களில் பாதி இதனால் வருவது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நீளம். இது எல்லா மாடலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சுருக்கமாக. கம்பி நீளம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ.; சாதாரண பேஸில் 34 அங்குலம், 864 மி.மீ. நெக்கின் தலைப்பக்க முனையிலிருந்து முதல் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரையுள்ள தூரம் அதில் 48 மி.மீ.க்கு மேல், இதில் 43 மி.மீ.க்குள். சின்னக் கை உள்ளவர்களுக்கும் கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. அதே தடிமன் கம்பியை அதே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைவு என்பதால் விரலுக்கும் இதம்.

மொத்தச் செலவு. கடை விலை, பார்சல், சுங்கம், புதுக் கம்பி, செட்டப் (கம்பி உயரம், சுருதி முதலியவற்றைச் சரிசெய்யும் வேலை) கூலி எல்லாம் சேர்த்த தொகை.

## ஹோஃப்னர் இக்னிஷன்

ஹோஃப்னர் தன் சொந்தப் பெயரில் ஆசியாவில் செய்து விற்கிற ஆரம்ப நிலை வரிசை. ஜெர்மன் ஒன்றின் விலைக்கு இதில் ஐந்தாறு வாங்கலாம். மூலத்தைப் போலவே வெற்றுடம்பு, ஸ்டேபிள் பாணி பிக்கப், இரண்டு வால்யூம் குமிழ், மூன்று சின்ன சுவிட்சு.

இந்த சுவிட்சுகள் புதியவர்களைக் குழப்பும். 'ரிதம்/சோலோ' என்பது வெறும் சத்த அளவு: ரிதத்தில் வைத்தால் குறையும், சோலோவில் முழுசாக வரும். 'பேஸ் ஆன்', 'ட்ரெபிள் ஆன்' என்று எழுதியிருக்கிற மற்ற இரண்டும் முதல் நாளில் எழுதியதற்கு மாறாக நடந்துகொள்வது போலத் தோன்றும். பெயரைப் படிக்காமல், ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் கேட்டு, அரை மணி நேரம் செலவு செய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வாசிப்பவர், பதிவு செய்பவர், சின்ன அரங்கில் மிதமான சத்தத்தில் வாசிப்பவர் ஆகியோருக்கு என் முதல் தேர்வு இதுதான். அந்தப் பழைய ஒலியில் பெரும்பகுதி இந்த விலையிலேயே கிடைத்துவிடுகிறது. குறை என்றால், ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறதா, ட்யூனர் வழுக்காமல் நிற்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. உடம்பு பஞ்சு போல இலேசு என்பதால் கையை விட்டால் நெக் கீழே சாயவும் சாயும். வழுவழுப்பான நைலான் வாருக்குப் பதில் உள்பக்கம் சொரசொரப்பான தோல் வார் போட்டால் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

## ஹோஃப்னர் கண்டெம்பரரி

சீனாவில் செய்வது. விலை இக்னிஷனுக்கும் ஜெர்மன் மாடலுக்கும் இடையில். வெளியே பார்த்தால் இக்னிஷனின் அண்ணன் மாதிரி இருக்கும், உள்ளேதான் வித்தியாசம். நடுவில் அந்த மரக்கட்டை இருக்கிறது.

டிரம்ஸ், இரண்டு கிட்டார், பக்கத்திலேயே மானிட்டர் என்று மேடையில் வாசிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சத்தம் ஏறும்போது வெற்றுடம்பு பேஸோடு மல்லுக்கட்டுவது பெரிய தொல்லை. பாட்டின் நடுவே ஊளை கிளம்பினால் கையால் கம்பியை அமுக்குவதா, வால்யூமைக் குறைப்பதா, ஆம்பை விட்டுத் தள்ளிப் போவதா என்று மூன்று வேலை ஒரே நேரத்தில் வந்துவிடும். மெக்கார்ட்னி ஸ்டேடியங்களில் வெற்றுடம்பு 500/1-ஐத்தான் வாசிக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கென்று ஒரு ஒலி அமைப்புக் குழுவே உடன் வருகிறது. நமக்கு வருவது கல்யாண மண்டபத்து மிக்சர்.

வீட்டில் மட்டும் வாசிப்பவர் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இக்னிஷனும் நல்ல கம்பியும் நல்ல செட்டப்பும் வந்துவிடும். காதுக்கும் அதுவே மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

## எபிஃபோன் வயோலா

பெயர் வேறு, குணமும் வேறு. வடிவம் ஹோஃப்னரைப் போல. உள்ளே இருப்பது எபிஃபோனின் சொந்த யோசனை. உடம்பு முழுக்க மேப்பிள், பிக்கப்புகள் மினி ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் சின்ன இரட்டைச் சுருள் பிக்கப்), உயரத்தையும் நீளத்தையும் திருகி வைக்கக்கூடிய உலோக பிரிட்ஜ். கம்பி நீளம் 30.5 அங்குலம். சுவிட்சுப் பலகைக்குப் பதிலாக எல்லோருக்கும் பழக்கமான குமிழ்கள்.

ஒலி இன்னும் கெட்டி, இன்னும் தெளிவு. பழைய 'தும்' குறைவு. அறுபதுகளின் ஒலியை அப்படியே பிடிக்க நினைப்பவருக்கு இது ஏமாற்றம் தரும். ஆனால் 'வடிவம் பிடிக்கும், கழுத்து சின்னதாக வேண்டும், எல்லா வகைப் பாட்டும் வாசிக்கணும், செட்டப்போடு போராட எனக்கு நேரமில்லை' என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அந்த உலோக பிரிட்ஜ் ஒன்றே எத்தனையோ தலைவலியைக் குறைக்கிறது. புதிதாகக் கிடைக்காவிட்டால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பல வருடங்கள் செய்யப்பட்ட மாடல் என்பதால் பழையது கண்ணில் படும்.

## கடைப் பெயரில் வருபவை

ஐரோப்பாவில் தோமான் விற்கிற ஹார்லி பென்டன், அமெரிக்கக் கடைகளில் ரோக், அப்புறம் ஜே டர்சர் என்று ஒரு கூட்டம். இருப்பதிலேயே விலை குறைவு இவைதான். இரண்டாவது பேஸாக, ஒரு ஆசைக்கு, ஒரு நிகழ்ச்சிக்காக என்றால் தாராளமாக எடுக்கலாம். உள்ளே கட்டை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் ஒவ்வொரு மாடலுக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் அது தெரியாது.

இங்கே நிஜ விலை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பேஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் பார்சல் செலவும் சுங்கமும் பேஸ் விலையோடு போட்டி போடும். குறை இருந்து திருப்பி அனுப்புவதென்றால் அந்தச் செலவு மறுபடியும். கூட வரும் கம்பி பெரும்பாலும் மாற்ற வேண்டியதாக இருக்கும். ஃப்ரெட், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்னத் துண்டு) வேலைக்குக் கைவினைஞரிடம் ஒரு கூலி. எல்லாம் கூட்டினால் இக்னிஷன் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். செட்டப் வேலையைத் தானே செய்யத் தெரிந்தவருக்கு இது உண்மையிலேயே மலிவு. மற்றவர்கள் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

## பழைய ஜப்பான் பேஸ்கள்

1970-களில் ஜப்பானில் கிரெகோ போன்ற பெயர்களில் வந்த வயலின் பேஸ்கள் இப்போதும் கைமாறுகின்றன. வேலைப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் ஐம்பது வருடப் பெட்டி; நெக் உடம்போடு சேரும் இடத்தில் பசை விட்டிருக்கலாம், பிக்கப் இறந்திருக்கலாம். நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | உள்ளுடம்பு | ஒலி | பிரிட்ஜ் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| இக்னிஷன் | வெற்று | பழைய 'தும்' | மிதப்பது | கம்பி, செட்டப் | வீடு, பதிவு, சின்ன அரங்கு |
| கண்டெம்பரரி | நடுவில் கட்டை | அதே குடும்பம், கொஞ்சம் நீளும் | மிதப்பது | கம்பி | சத்தமான மேடை |
| எபிஃபோன் வயோலா | முழு வெற்று அல்ல | கெட்டி, தெளிவு | திருகி வைக்கும் உலோகம் | பழையதென்றால் பழுது | எல்லா வகைப் பாட்டும் வாசிப்பவர் |
| கடைப் பெயர்கள் | மாடலைப் பொறுத்து | பீஸுக்குப் பீஸ் மாறும் | மாடலைப் பொறுத்து | பார்சல், சுங்கம், ஃப்ரெட் வேலை, கம்பி | கைவேலை தெரிந்தவர், இரண்டாவது பேஸ் |
| பழைய ஜப்பான் | மாடலைப் பொறுத்து | நன்றாக இருக்கும் | மாடலைப் பொறுத்து | பசை, பிக்கப் பழுது | நேரில் பார்த்து வாங்க முடிந்தவர் |

## அந்த மிதக்கும் பிரிட்ஜ்

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆன்லைனில் வயலின் பேஸ் வாங்கினார். ஒரு வாரம் வாசித்துவிட்டு, 'நெக் கோணல், ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் எதுவும் சுருதியில் நிற்கவில்லை, திருப்பி அனுப்பப் போகிறேன்' என்றார். போய்ப் பார்த்தேன். நெக்கில் ஒரு பழுதும் இல்லை. பெட்டியில் வரும்போது கம்பி தளர்ந்து, பிரிட்ஜ் ஒரு விரல் அகலம் நெக் பக்கம் நகர்ந்திருந்தது. பழைய இடத்தின் தடம் வார்னிஷில் இலேசாகத் தெரிந்தது. அங்கே கொண்டுபோய் வைத்ததும் பேஸ் சரியாகிவிட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்பியை முழுதாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை இலேசாகத் தொட்டு ஹார்மானிக்கை எழுப்புங்கள். அப்புறம் அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜை நெக்கிலிருந்து தள்ளுங்கள். குறைவாகக் காட்டினால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள். நகர்த்தும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லையென்றால் மேல்பலகை கீறும். முதலில் தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் சரிசெய்தால் பிரிட்ஜ் சற்றே சாய்வாக நிற்கும், அது சரிதான். நடுக் கம்பிகளுக்கு, பிரிட்ஜ் மேல் உள்ள ஃப்ரெட் கம்பித் துண்டை அடுத்த பள்ளத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிரிட்ஜின் பாதம் வளைந்த மேல்பலகையில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்பதை ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தால் தெரியும். காகிதம் நுழைகிற இடத்தில் ஒலி ஒழுகுகிறது.

எல்லாம் சரியானதும் பாதத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பில் அடையாளம் வையுங்கள். கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்புறம் அடுத்தது.

## கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஆயிரம் பிக்கப் மாற்றினாலும் கிடைக்காத ஒலி ஒரு செட் ஃப்ளாட்வூண்ட் கம்பியில் கிடைத்துவிடும். வழுவழுப்பான தட்டைச் சுற்றுக் கம்பி இல்லாமல் இந்தப் பேஸுக்கு அதன் குரல் வராது. லா பெல்லா இந்த வடிவத்துக்கென்றே ஒரு செட் செய்கிறது. ஹோஃப்னர் போய்க் குடியேறிய அதே பூபன்ராய்ட்டில் செய்யும் பிரமிட் கம்பிக்கு ரசிகர்கள் நிறைய. விலை கூடுதல்தான். ஆனால் ஃப்ளாட்வூண்ட் வருடக்கணக்கில் உழைக்கும்; பழசாகப் பழசாக ஒலி இன்னும் இதமாகும்.

வாங்கும் முன் அளந்துவிடுங்கள். இந்தப் பேஸ்களில் கம்பி பிரிட்ஜைத் தாண்டி, கீழே தொங்கும் வால்பகுதி வரை போகிறது. அதனால் 'ஷார்ட் ஸ்கேல்' என்று எழுதியிருந்தாலே பொருந்திவிடும் என்று நம்ப முடியாது. வால்பகுதியில் கம்பியின் குண்டு நிற்கும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, கம்பியின் தடித்த பகுதி அந்த நீளத்துக்கு மேல் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அதற்காக 34 அங்குலக் கம்பியை வாங்கி மாட்டவும் கூடாது. தடித்த பகுதி ட்யூனரில் சுற்றும்போது உடைந்துவிடும்.

ஊளைக்கும் ஒரு மலிவான வழி உண்டு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளின் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்துப் பாருங்கள். ஒலி சட்டென்று அடங்கும், ஊளையும் குறையும், பழைய இசைத்தட்டுகளில் கேட்ட அந்தத் தட்டையான 'தப்' வந்துவிடும். இக்னிஷன் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இது.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த பெட்டி இது. வெயில் படும் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். வாசிக்காத நேரம் பெட்டிக்குள் வைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நெக் வளைவையும் பிரிட்ஜ் இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

## இடதுகைக்காரர்களுக்கு

வடிவம் இருபுறமும் ஒன்றுதானே, வலதுகைப் பேஸையே திருப்பிப் பிடிக்கலாமே என்று கேட்கிறார்கள். திருப்பலாம்; மிதக்கும் பிரிட்ஜையும் திருப்பி வைத்துவிடலாம். ஆனால் நட்டின் பள்ளங்கள் தடிமனுக்கு ஏற்ப வெட்டியவை, அதைப் புதிதாக வெட்ட வேண்டும். குமிழ்ப் பலகை மேல்பக்கம் வந்து, முழங்கை ஓய்வெடுக்கும் இடத்தில் உறுத்தும்; வாசிக்கும்போதே சுவிட்சு நகர்ந்துவிடும். இக்னிஷன் இடதுகைக்கென்றே செய்து வருகிறது. கடையில் இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதம் காத்திருந்தாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.